துண்டு வெறும் கயிறாம்! (படையப்பா ஊஞ்சல் காட்சி)

தறிக்காரர் மகள் | இரவு 8.40

நேற்று வில்லிகளைப் பற்றிய விவாதத் திரியில் ரீல்பெட்டி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கே பதில் போட்டால் அடியில் போய்விடும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இதுதான்: "படையப்பா ஊஞ்சல் காட்சியில் துண்டு வெறும் கயிறு. அங்கே ஒரு கொக்கிக் கம்பு கிடந்திருந்தாலும் காட்சி அதேதான். பகையைச் சொல்வது கால். துணிமணி எல்லாம் அலங்காரம்."

காட்சி எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1999இல் கே.எஸ். ரவிக்குமார் எடுத்த படம். வில்லி நீலாம்பரி வீட்டுக்குப் படையப்பா வருகிறார். அவள் கால்மேல் கால் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வந்தவருக்கு உட்கார ஒன்றும் கிடையாது. நிற்க வைத்துப் பேசவேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ரஜினி சுற்றிப் பார்க்கிறார். ஊஞ்சல் மேலே தூக்கிக் கட்டிக் கிடக்கிறது. துண்டை வீசி அதை இழுத்து இறக்கி உட்கார்கிறார். கால்மேல் கால் போடுகிறார்.

அந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது? தோளிலிருந்து. நம் ஊரில் பெரிய வீட்டு ஆளுக்கு முன்னால் தோள் துண்டு இறங்கினால் அது போகவேண்டிய இடம் கக்கம், இல்லாவிட்டால் இடுப்பு. அவள் காத்திருப்பது அதற்குத்தான். துண்டும் இறங்குகிறது. ஆனால் கக்கத்துக்குப் போகாமல் மேலே போகிறது! கொக்கிக் கம்பால் இழுத்திருந்தால் அது ஊஞ்சல் இறக்குகிற வேலை. துண்டால் இழுத்ததால்தான் அவளுக்குப் பதில். இது தெரியாமல் "கயிறு" என்று எழுத எப்படி மனசு வந்தது?

ரீல்பெட்டி | இரவு 8.58

வந்துவிட்டீர்களா அம்மா. போன தீபாவளிக்கு மீசைத் திரியில் என்னை "கேபினுக்குள் இருந்து உலகத்தைப் பார்த்தவர்" என்று எழுதியது இன்னும் மறக்கவில்லை. ஆமாம், கேபினுக்குள் இருந்துதான் பார்த்தேன். மதுரையில் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்து, அந்தப் படத்தைத் தினம் நாலு காட்சி ஓட்டியவன் நான். நீங்கள் எத்தனை தடவை பார்த்தீர்கள்?

விசில் எங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். துண்டை வீசும்போது சத்தம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூரை அதிர்ந்தது அவர் காலைத் தூக்கி மேலே போட்டபோதுதான். தினம் நாலு காட்சியும் அதே இடத்தில்தான். முதலில் கால் போட்டவள் நீலாம்பரி. அவள் காலால் கேட்டாள், இவர் காலால் பதில் சொன்னார். நடுவில் துண்டு, ஊஞ்சல், சங்கிலி எல்லாம் காலுக்கு இடம் பண்ணிக் கொடுத்த சாமான்கள்.

ரஜினி சிகரெட்டை வீசியிருக்கிறார், கண்ணாடியைச் சுழற்றியிருக்கிறார். அதுக்கெல்லாம் சாத்திரம் எழுதுவீர்களா?

பாண்டிபஜார் | இரவு 9.05

ஒரு திருத்தம். துண்டு என்று சொல்லாதீர்கள். படத்தில் அவர் அந்தஸ்துக்கு அது அங்கவஸ்திரம். துண்டு வேறு, அங்கவஸ்திரம் வேறு.

மேலமாசி | இரவு 9.11

இந்தக் காட்சியை விட்டால் தமிழில் வேறு படமே இல்லையா? தேவர் மகன் பாருங்கள், 1992. சக்தி ஊருக்கு வரும்போது நீளமுடி, பேன்ட். அப்பா போனபிறகு முடி போகிறது, மீசை முறுக்கி நிற்கிறது, வேட்டி வருகிறது. பங்காளிப் பகைக்குள் ஒரு மனுஷன் இழுக்கப்படுவதை உடம்பிலும் உடையிலும் அப்படி யார் காட்டினார்கள்? எதிரே நாசர். அந்த மாயன் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு பேசுகிற விதம் ஒன்று போதும். ஊஞ்சலும் வேண்டாம், விசிலும் வேண்டாம்.

தறிக்காரர் மகள் | இரவு 9.20

மேலமாசி அண்ணா, தேவர் மகனை யாரும் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் சாதகம். வேட்டி வந்தபிறகுதான் அவர் அந்த ஊர் ஆள் ஆகிறார். அப்புறம் எப்படி உடை வெறும் அலங்காரம் ஆகும்? இதை ரீல்பெட்டி ஐயாவிடம் கேளுங்கள்.

பாண்டிபஜார், நான் நெசவுக் குடும்பம். அங்கவஸ்திரம் எது, துண்டு எது என்று எனக்கு வகுப்பு எடுக்கவேண்டாம். அங்கவஸ்திரம் எட்டு முழ வேட்டியோடு செட்டாக வரும், கரை வைத்து வரும். ஆனால் தோளில் கிடக்கும்போது இரண்டுக்கும் ஒரே வேலைதான். "நான் யாருக்கும் குனிந்தவன் இல்லை" என்று சொல்கிற வேலை. தோள் துண்டுக்காக இந்த நாட்டில் சண்டையே நடந்திருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறவர் தோளில் துண்டு போடக்கூடாது என்று பெரிய வீட்டுக்காரர்கள் அதட்டிய காலம் உண்டு. போட்டுக்கொண்டே வாசியுங்கள் என்று சுயமரியாதை இயக்கத்தார் கூட நின்றார்கள். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டு நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார் என்றால் அது மோகத்துக்காக இல்லை. இந்த ஊர்க்காரன் அந்தப் படத்தைப் பார்க்கும்போது துண்டை வெறும் துணியாகப் பார்ப்பானா?

ரீல்பெட்டி | இரவு 9.31

நாதஸ்வரத்துக்கும் ஊஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கூரை எப்போது அதிர்ந்தது?

உடை இல்லாமலே பகை தெரியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வஞ்சிக்கோட்டை வாலிபன், 1958, ஜெமினி படம். பத்மினிக்கும் வைஜெயந்திமாலாவுக்கும் நடனப் போட்டி. பி.எஸ். வீரப்பா "சபாஷ், சரியான போட்டி" என்பாரே, அதுதான். கறுப்பு வெள்ளைப் படம். யார் பச்சை உடுத்தினார்கள், யார் சிவப்பு உடுத்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்? பட்டா பருத்தியா என்றுகூடத் தெரியாது. ஒருத்தி மேல் ஒருத்தி விரல் படவில்லை. கழுத்து, கண், பாதம், அவ்வளவுதான். 60 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊர் பேசுகிறது. கால் பேசினால் போதும், துணி பேசவேண்டியதில்லை.

கொலுசு | இரவு 9.38

அதில் ஜெயித்தது வைஜெயந்திமாலாதான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேலமாசி | இரவு 9.40

ஜெயித்தது பத்மினி. அடவு (ஆட்ட அசைவு) சுத்தம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் பத்மினி என்றுதான் சொல்வார்கள்.

கொலுசு | இரவு 9.43

அடவு சுத்தம் இருந்தால் போதுமா? இளவரசி ஆடுகிறாள் என்பது வைஜெயந்திமாலாவின் நிமிர்வில் தெரியும். தாடை கீழே இறங்கவே இறங்காது.

தறிக்காரர் மகள் | இரவு 9.50

கறுப்பு வெள்ளையில் பட்டு தெரியாது என்று சொல்கிற ஆள் எப்படி ஆபரேட்டராக இருந்தார்? பட்டு வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும், பருத்தி உள்ளே வாங்கிக்கொள்ளும். ஜரிகை கறுப்பு வெள்ளையில் இன்னும் நன்றாக மின்னும். அந்த இரண்டு பேரும் சுற்றும்போது கண் எதைப் பிடித்துக்கொண்டு போகிறது? உடையில் மின்னுகிற ஓரத்தை. காலை மட்டும் பார்த்தேன் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நீலாம்பரிக்கே வாருங்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வருகிறவள். புதுமோஸ்தர் உடை, கண்ணில் அலட்சியம். எதிரே அதே வீட்டில் வேலை செய்கிற வசுந்தரா, இழுத்துப் போர்த்திய சேலை, குனிந்த தலை. இரண்டு பேரையும் ஒரே திரைச் சட்டத்துக்குள் நிறுத்தினால் ஒரு வார்த்தை பேசாமல் கதை தெரிந்துவிடும். ரம்யா கிருஷ்ணனுக்கும் சௌந்தர்யாவுக்கும் உடையை மாற்றிப் போட்டுவிட்டு அதே வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

ஊஞ்சலுக்குத் திரும்ப வருகிறேன். துண்டு தோளிலிருந்து எடுக்கப்படுகிற நொடியில்தான் கொட்டகை மூச்சைப் பிடித்தது. நானும் அங்கே இருந்தேன். தரை டிக்கெட்டுக்கு அடுத்த பெஞ்சு. விசில் அடித்தவர்கள் என் பக்கத்தில் இருந்தார்கள், உங்கள் பக்கத்தில் இல்லை. கேபினுக்குள் மெஷின் ஓடுகிற சத்தத்தில் விசில் எப்போது வந்தது என்று எப்படித் தெரியும்?

ரீல்பெட்டி | இரவு 9.57

மெஷின் சத்தமா! 22 வருஷம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவன். சவுண்டு அரைப்புள்ளி இறங்கினாலும் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் எனக்கு. கேபின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தால் திரையும் தெரியும், ஆயிரம் தலையும் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து ஆள் மட்டும்தான் தெரிவான். அவன் துண்டு வியாபாரியாக இருந்திருப்பான்.

கால். கால். கால். நாலு காட்சியும்.

திண்ணைதம்பி | இரவு 10.02

நான் பொதுவாக எழுதுவதில்லை. அக்கா சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போம் இல்லையா? துண்டு விழுந்துவிட்டால் அந்த இடம் நம்முடையது. சீட்டில் துண்டு கிடந்தால் அந்நியன்கூட உட்காரமாட்டான். படையப்பா செய்ததும் அதுதானே. எனக்கு இடம் இல்லை என்று சொன்ன வீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்.

தறிக்காரர் மகள் | இரவு 10.06

தம்பி, நீ சொன்னதுதான் சரி. இதைத்தான் நான் ஒன்றரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொக்கிக் கம்பைப் போட்டு யாராவது பஸ்ஸில் சீட் பிடித்திருக்கிறார்களா?

ரீல்பெட்டி | இரவு 10.09

கர்ச்சீப் போட்டும் பிடித்திருக்கிறேன். பை போட்டும் பிடித்திருக்கிறேன். ஒரு தடவை என் மகனைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டுப் பிடித்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தால் யாரும் விசில் அடிப்பதில்லை.

மேலும் ஒரு கேள்வி. துண்டை வீசி ஊஞ்சலை இறக்கிவிட்டு, உட்காராமல் நின்றிருந்தால்? அல்லது உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால்? அவள் ஜெயித்திருப்பாள். ஆனால் ஊஞ்சலுக்குப் பதில் தரையிலேயே சம்மணம் போடாமல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால்கூட அவர் ஜெயித்திருப்பார். ஆக, துண்டை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கும். காலை எடுத்தால் விழும்.

பாண்டிபஜார் | இரவு 10.13

தரையில் உட்கார்ந்து கால்மேல் கால் எப்படிப் போடுவது ஐயா? படுத்தால்தான் முடியும். அப்புறம் அங்கவஸ்திரத்தைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. மெல்லிய அங்கவஸ்திரத்தை வீசினால் ஊஞ்சல் பலகையில் நழுவிவிடும், எடை தாங்காது.

தறிக்காரர் மகள் | இரவு 10.18

யார் சொன்னது எடை தாங்காது என்று? நல்ல முறுக்கு நூலில் நெய்த கைத்தறித் துணியை முறுக்கிப் பிடித்தால் ஆளையே தூக்கும். கிணற்றில் விழுந்த ஆட்டைத் துண்டு கட்டித் தூக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரியாத தொழிலில் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

கொலுசு | இரவு 10.24

நீங்கள் எல்லோரும் ஆம்பளை உடையைப் பற்றியே பேசுகிறீர்கள். டிவி சீரியல் பார்க்கிறவளாக ஒன்று சொல்கிறேன். ஆம்பளைக்கு வேட்டியை மடித்துக் கட்டுவது எப்படியோ, பொம்பளைக்கு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவது அப்படி. கதாநாயகி 200 நாள் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நிற்பாள், மாமியார் சோபாவில் உட்கார்ந்திருப்பாள். என்றைக்குத் தலைப்பை இழுத்துச் செருகுகிறாளோ அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். அதில் காலுக்கு வேலையே இல்லை. வில்லிக்கு மூன்று தரம் முகத்தைக் காட்டுகிறார்கள் என்று கிண்டல் செய்வீர்கள், இதை ஒருத்தரும் பார்க்கமாட்டீர்கள்.

மேலமாசி | இரவு 10.27

சீரியலைக் கொண்டுவந்து சினிமாவோடு சேர்க்காதீர்கள்.

கொலுசு | இரவு 10.28

ஏன், உங்கள் படத்தில் நடித்தவர்கள்தானே எங்கள் சீரியலுக்கும் வருகிறார்கள்?

தறிக்காரர் மகள் | இரவு 10.45

கொலுசு சொன்னது நூற்றுக்கு நூறு. அதைத் தனித் திரியாகப் போடுங்கள், நானும் வருகிறேன்.

ரீல்பெட்டி ஐயா, "துண்டை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கும்" என்று எழுதினீர்களே, அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தெரியட்டும்.

எங்கள் அப்பா கூலிக்கு நெய்தவர். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்), ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார், நாங்கள் குடும்பத்தோடு உழைத்து நெய்து கொடுப்போம். நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் அப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார். நானும் கூடப் போவேன், எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவார். படி ஏறும் முன்னால் தோளில் இருந்த ஈரிழைத் துண்டு கக்கத்துக்குள் போய்விடும். யாரும் சொல்லவேண்டியதில்லை, கை தானாகச் செய்யும்.

முதலாளி சேலையை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். ஓரம் ஓரமாக விரலால் தடவுவார். எங்காவது ஒரு இழை விட்டிருந்தால் கூலியில் பிடிப்பார். அவ்வளவு நேரமும் அப்பா நிற்பார். மூன்று மைல் வெயிலில் நடந்து வந்த வியர்வை நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கும், புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கும். துடைக்கமாட்டார். துடைப்பதற்குத் துண்டைக் கக்கத்திலிருந்து எடுக்கவேண்டும் இல்லையா, எடுக்கமாட்டார். கண்ணை மூடி மூடித் திறப்பார். நான் என் பாவாடையால் துடைக்கலாமா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன், எட்டாது.

படையப்பா வந்தபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்தத் துண்டு ரஜினி தோளிலிருந்து எழும்பிய நொடியில் அப்பா என் கையைப் பிடித்தார். விசில் அடிக்கத் தெரியாத மனுஷன். வெளியே வரும்போது துண்டைத் தோளில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டார். அடுத்த வாரம் முதலாளி வீட்டில் திரும்பவும் கக்கத்தில்தான். அது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு நொடி கயிறு இல்லை ஐயா. கொக்கிக் கம்பு இல்லை.

திண்ணைதம்பி | இரவு 10.52

அக்கா, படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ரீல்பெட்டி | இரவு 11.04

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். எங்கள் அப்பாவும் கைகட்டி நின்றவர்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கவேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த முதலாளி எப்படி உட்கார்ந்திருந்தார்?

தறிக்காரர் மகள் | இரவு 11.06

திண்டில் சாய்ந்துகொண்டு. ஏன்?

ரீல்பெட்டி | இரவு 11.07

கால்?

தறிக்காரர் மகள் | இரவு 11.15

கால்மேல் கால்தான். அதனால் என்ன? எட்டு வயசில் அவர் காலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்பாவின் கக்கத்தைத்தான் பார்த்தேன். அழுதுகொண்டு எழுதியதில்கூட உங்களுக்குக் கால்தான் கண்ணில் படுகிறதா?

ரீல்பெட்டி | இரவு 11.19

நீங்களே சொன்னதைத்தான் நான் கேட்டேன். உங்கள் அப்பா துண்டை இறக்கியது அந்தக் காலுக்கு முன்னால். முதலில் கால், அப்புறம்தான் துண்டு. நான் முதல் பதிவிலிருந்து சொல்வது இதுதான்.

கொலுசு | இரவு 11.21

ஐயா, கொஞ்சம் மனசோடு பேசுங்கள்.

மேலமாசி | இரவு 11.22

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நீலாம்பரி கதையைப் பாருங்கள். அவமானப்பட்டவள் 18 வருஷம் ஓர் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளை அங்கே தள்ளியது துண்டும் இல்லை, காலும் இல்லை. பிடிவாதம். அதே பிடிவாதம் தேவர் மகனில்...

கொலுசு | இரவு 11.23

திரும்பவும் தேவர் மகனா!

பாண்டிபஜார் | இரவு 11.25

ஈரிழைத் துண்டு என்று அவர்களே எழுதிவிட்டார்கள். படத்தில் இருந்தது ஈரிழை இல்லை, அங்கவஸ்திரம். ஆக அப்பா கதைக்கும் படத்துக்கும் பொருத்தம் இல்லை.

தறிக்காரர் மகள் | இரவு 11.34

பாண்டிபஜார், உங்களுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

ரீல்பெட்டி ஐயா, முதலில் கால் என்கிறீர்கள். சரி, அவள் முதலில் கால் போட்டாள், ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கால் போடுவதற்கு நாற்காலி இருக்கிறவள் போடுவாள். நாற்காலி இல்லாதவனிடம் என்ன இருக்கிறது? தோளில் கிடக்கிற துணி ஒன்றுதான். அதை வைத்துத்தான் அவன் ஆரம்பிக்க முடியும். உங்கள் கூரை அதிர்ந்த இடம் முடிவு. என் பெஞ்சு மூச்சைப் பிடித்த இடம் ஆரம்பம். நாளைக்குக் காலையில் பாவு ஓட்டவேண்டும், ஐந்து மணிக்கு எழவேண்டும். மதியம் வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

ரீல்பெட்டி | இரவு 11.41

எழுதுங்கள். நானும் இங்கேதான் இருப்பேன். என்னோடு அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த டிக்கெட் கிழிக்கிறவர் இன்னும் மதுரையில்தான் இருக்கிறார். நாளைக்கு அவரையே கேட்டுவிட்டு வருகிறேன், விசில் எங்கே வந்தது என்று.

தறிக்காரர் மகள் | இரவு 11.43

அவர் வாசலில் நின்றவர். அவருக்கு எப்படித் தெரியும்?